சொல்லாமல் விட்ட முதல் கேள்வி

அத்தியாயம் 14

"கையெழுத்து பத்து மணிக்கு. பத்தரைக்கெல்லாம் பேப்பர், புரோகிராம் எழுதுற கம்பெனிக்குப் போயிடணும். யாரும் எங்கயும் போகாதீங்க" என்று ஷட்டரைத் தூக்கும்போதே அண்ணன் அறிவித்துவிட்டார்.

'யாரும்' என்று பொதுவாகத்தான் சொன்னார். அந்த நேரத்தில் அறையில் இருந்ததோ ஒரே ஒருத்தி. டெலிபோனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பதினாலு வருஷமாக அவள் அங்கிருந்து எங்கேயும் போனதில்லை.

அவள்தான் நம் எக்ஸ்சேஞ்சு அக்கா.

போன வாரம் விட்ட இடம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இல்லாதவர்களுக்கு நாலு வரி. இது அப்பா ஆரம்பித்த லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனி. முன்னூற்று நாற்பது லிஃப்ட், பன்னிரண்டு மெக்கானிக், ஒரே ஒரு டெலிபோன். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் மக்கர் பண்ணினாலும் இந்த டெலிபோன்தான் அடிக்கும், அக்காதான் எடுப்பாள். எக்ஸ்சேஞ்சு என்று பெயர் வைத்தவர்கள் மெக்கானிக்குகள். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் பெட்டியும் கையுமாகத் திரும்பி வந்தவளை, 'சுவரைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்காதே, போனையாவது எடு' என்று அப்பா உட்காரவைத்த நாற்காலி அது. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். நாற்காலி இருக்கிறது. இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கும் என்பதுதான் பேச்சு.

அண்ணன் கம்ப்யூட்டர் கொண்டுவருகிறார். புது ஆபீஸில் யாரோ ஒரு பெண் உட்கார்ந்து, திரையில் வருகிற கேள்விகளை வரிசையாகக் கேட்பாளாம். பதிலைத் தட்டினால் எந்த மெக்கானிக் எங்கே போக வேண்டும் என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடுமாம். "உனக்கும் ரெஸ்ட் வேணாமா?" என்று தங்கையிடம் கேட்டார். கேட்ட குரல் அன்பாகத்தான் இருந்தது. அதுதான் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதற்கு வேண்டியதையெல்லாம் கேட்டு எழுதிக் கொடுக்கும் வேலை இங்கேயே மெக்கானிக்காக இருக்கும் தம்பியின் மனைவி தலையில் விழுந்தது. அவளுக்கு வெளியில் சம்பளம் கொடுப்பதே இந்த வேலைக்குத்தான். ஒரு கம்பெனியில் வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்து, கேட்டு, படமாகப் போட்டு, இதற்கு என்ன மாதிரி ஏற்பாடு வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறவள். எந்நேரமும் கையில் ஒரு நோட்டு இருக்கும். அதனால் அக்கா அவளுக்கு வைத்த பெயர் நோட்டு.

மூன்று வாரம், தினமும் மத்தியானம், பின்னறையில் உட்கார்ந்து நோட்டு கேட்டாள், அக்கா சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றை வேண்டுமென்றேதான் விழுங்கினாள். 'எல்லாத்தையும் அள்ளிக் குடுத்துட்டு நான் துடைச்ச கையோட வீட்டுக்குப் போகணுமா? ஒண்ணு என்கிட்ட இருக்கட்டும்' என்பது அவள் கணக்கு.

அந்த ஒன்று என்ன என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

* * *

ஒன்பதே காலுக்கு நோட்டு வந்தாள். கையில் முப்பத்திரண்டு பக்கக் கட்டு. கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"அக்கா, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுடுங்க."

"நான் படிச்சு என்ன ஆகப்போகுது? எழுதினவ நீ, போடச் சொல்றவர் அவரு. எனக்கு எங்க புள்ளி வச்சிருக்கீங்களோ அங்க போட்டுட்டுப் போறேன்."

"அப்படிப் போடாதீங்க. படிக்காம போட்டா நான் எழுதினதுக்கு அர்த்தமே இல்ல."

"இதோ பாரு, உபதேசம் பண்ண ஆரம்பிச்சுட்டா."

நோட்டு ஏழாவது பக்கத்தை விரித்து டெலிபோன் பக்கத்தில் வைத்தாள். பக்கம் முழுக்க வட்டம், கட்டம், அம்புக்குறி. கட்டடக்காரர்கள் ஒரு கட்டம், மெக்கானிக்குகள் ஒரு கட்டம், உதிரிபாக அறை ஒரு கட்டம். நடுவில் ஒரு பெரிய வட்டம். அநேகமாக எல்லா அம்புகளும் அந்த வட்டத்துக்குள் நுழைந்துதான் வெளியே போயின.

"இது என்ன?"

"இந்தக் கம்பெனியில தகவல் எந்தெந்த வழியா ஓடுதுங்கிற படம். மொத்தம் இருபத்திமூணு அம்பு. பத்தொன்பது அந்த நடு வட்டத்துல வந்து முட்டுது."

"அந்த வட்டம் யாரு?"

"நீங்கதான்."

அக்கா ஒரு நிமிஷம் அந்தப் பக்கத்தையே பார்த்தாள். "பதினாலு வருஷம் உழைச்சதுக்கு எனக்கு முட்டை போட்டு வச்சிருக்கே" என்றாள்.

நோட்டுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. ஆனால் விரல் மட்டும் அந்த அம்புகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போனது. பத்தொன்பது சரியாக இருந்தது.

"அண்ணன் எங்க இருக்காரு இதுல?"

"மாமா இந்தப் பக்கம் ஓரமா. மாசக் கடைசியில ஒரு அறிக்கை அவருக்குப் போகுது. அந்த ஒரு அம்புதான்."

இதைக் கேட்டு அக்காவுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது என்று சொன்னால் அது பொய்யில்லை. ஆனாலும் இவளை நம்பலாமா? மூன்று வாரம் சிரிக்கச் சிரிக்கப் பேசி நம் மூளையைக் கறந்தவள் இவள்தானே?

"இன்னொண்ணு சொல்லணும் அக்கா" என்று நோட்டு குரலைத் தணித்தாள். "நான் முதல்ல ரெண்டு வாரம் உங்க பக்கத்துலயே உட்கார்ந்து, நீங்க போன் எடுக்கிறதைப் பார்க்கணும்னு கேட்டேன். மாமா விடல. 'பாக்கிறதுக்கு என்ன இருக்கு, சினிமாவா ஓடுது? மத்தியானம் கேட்டு எழுதிக்கோ'ன்னுட்டார். கேட்டு எழுதினா, ஆளுங்க சொல்றதுதான் வரும். செய்யுறது வராது. எதுவும் விட்டுப்போயிருக்கா அக்கா?"

அக்கா சாவிப் பலகையைப் பார்த்தாள். சுவர் முழுக்க ஆணிகள், ஆணிக்கு ஒரு கட்டடத்தின் மோட்டார் ரூம் சாவி. மெக்கானிக் சாவியை எடுத்துக்கொண்டு அந்த ஆணியில் தன் நம்பர் போட்ட வில்லையை மாட்டிவிட்டுப் போவான். அந்தப் பலகையைப் பார்த்தால் யார் எங்கே என்று தெரிந்துவிடும். அதைக்கூட எழுதிக் கொடுத்தாயிற்று.

"ஒண்ணும் விட்டுப்போகல" என்றாள் அக்கா.

* * *

பத்து மணிக்கு அண்ணன் வந்து உட்கார்ந்தார். சட்டைப் பையில் புதுப் பேனா.

அண்ணனைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். நாற்பது லிஃப்ட்டாக இருந்ததை முன்னூற்று நாற்பது ஆக்கியவர் அவர்தான். போன வருஷம் அக்கா ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தபோது ஒரே கட்டடத்துக்கு மூன்று மெக்கானிக் போனார்கள், ஐந்து கட்டடத்துக்கு ஒருத்தரும் போகவில்லை. "நீ படுத்தா கம்பெனியே படுத்துக்குது. இது சரியா?" என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, அக்காவுக்கே அது தெரியும்.

"கடைசிப் பக்கம் திருப்பு" என்றார்.

கடைசிப் பக்கத்தில் மூன்று கோடுகள். உரிமையாளர். ஆய்வு செய்தவர். மூன்றாவது, 'இப்போது இந்த வேலையைச் செய்பவர்'. புரோகிராம் கம்பெனி இந்த மூன்றாவது கையெழுத்து இல்லாமல் ஒரு வரிகூட எழுதாதாம், அது அவர்கள் சட்டம். பன்னிரண்டு மெக்கானிக்குகளிடம் கேட்டால் பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு குறை சொல்வார்கள் என்று, அண்ணனே தன் கையால் அந்தக் கோட்டுக்குக் கீழே தங்கையின் பெயரை டைப் அடித்திருந்தார். தங்கைதானே, எங்கே மறுத்துவிடப்போகிறாள்?

"மாமா, அதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம்" என்றாள் நோட்டு. "காகிதத்துலயே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடலாம்."

"எதை?"

"திரையில என்னென்ன வருமோ அதையெல்லாம் தனித்தனித் தாளா வரைஞ்சு வச்சிருக்கேன். நீங்கதான் கம்ப்யூட்டர். நான் போன் பண்றவ. தாள்ல இருக்கிறதை மட்டும்தான் கேக்கணும், சொந்தமா ஒரு வார்த்தை பேசக்கூடாது."

"நான் கம்ப்யூட்டரா?"

"பொருத்தமாத்தான் இருக்கும்" என்றாள் அக்கா. "நடுவுல யார் பேசினாலும் காதுல விழாது."

அண்ணன் முறைத்தார். ஆனாலும் தாள்களை வாங்கிக்கொண்டார். தான் கொண்டுவரும் பொருளின் பெருமையைத் தானே காட்டுவதில் அவருக்கு ஆசை இல்லாமலா இருக்கும்?

நோட்டு போன் பண்ணுகிற மாதிரி நடித்தாள். அண்ணன் முதல் தாளைப் பார்த்து, "ஒப்பந்த எண்?" என்றார். அவள் சொன்னாள். "கட்டடத்தின் பெயர்? லிஃப்ட் எண்? கோளாறின் வகை?" எல்லாம் சொன்னாள். "மெக்கானிக் எண் ஆறு வருகிறார், நாற்பது நிமிடம்." முடிந்தது. அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒண்ணரை நிமிஷம்! இவ இருந்தா 'வீட்ல எல்லாரும் சௌக்கியமா'ன்னு ஆரம்பிச்சு அரை மணி நேரம் ஓட்டுவா."

அந்தச் சமயத்தில் நிஜ டெலிபோன் அடித்தது.

அக்காவின் கை தானாகப் போனது. அண்ணன் அதற்கு முன்னால் ரிசீவரை எடுத்துவிட்டார். "நானே பேசுறேன். நிஜக் கேஸுலயே பார்த்துடலாம்" என்று ஸ்பீக்கரைப் போட்டார்.

"ஹலோ, லிஃப்ட் கம்பெனிங்களா? எங்க லிஃப்ட் நின்னுடுச்சுங்க" என்றது ஒரு பெண் குரல். மூச்சு வாங்கியது.

அண்ணன் தாளைப் பார்த்தார். "ஒப்பந்த எண் சொல்லுங்க."

"என்ன எண்?"

"ஒப்பந்த எண். எட்டு இலக்கம்."

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. நான் ஏழாவது மாடி. சீக்கிரம் யாரையாச்சும்..."

"கீழ லிஃப்ட் பக்கத்துல ஒரு பலகை இருக்கும். அதுல போட்டிருக்கும். பார்த்துட்டு வந்து சொல்லுங்க."

"சரிங்க, இதோ ஓடுறேன்..."

அந்தப் பெண்ணின் குரலுக்குப் பின்னால் ஏதோ சத்தம் கேட்டது. தொம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொம். உள்ளங்கையால் தகரத்தில் அடிக்கிற சத்தம்.

அக்காவுக்கு அந்தச் சத்தம் தெரியும். பதினாலு வருஷத்தில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். அண்ணனைப் பார்த்தாள். அவர் அடுத்த தாளைத் தயாராக வைத்துக்கொண்டு சுகமாகக் காத்திருந்தார்.

ஒரு கணம். ஒரே ஒரு கணம்தான். 'இப்படியே விட்டா இவர் கம்ப்யூட்டரோட லட்சணம் ஊருக்கே தெரிஞ்சுடும்' என்று அவள் மனசின் ஒரு மூலை சொல்லிற்று. அது சொன்னதை அவள் பின்னால் யாரிடமும் சொல்லவில்லை, நாமும் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

அடுத்த கணம் ரிசீவரை அண்ணன் கையிலிருந்து பிடுங்கிவிட்டாள்.

"ஓடாதீங்கம்மா! நில்லுங்க! உள்ள யாராவது இருக்காங்களா?"

"என் வீட்டுக்காரர் இருக்காருங்க! அவருக்கு ஆஸ்துமா. இழுக்கிற மருந்து வீட்டுல இருக்கு. உள்ள ஆளு இருக்குன்னு சொல்ல வந்தேன், அவர் எண் எண்ணுன்னு..."

"சரி, சரி. பதறாதீங்க. உள்ள விளக்கு எரியுதா?"

"எரியுது, இடுக்குல தெரியுது."

"காத்து உள்ள போகும், மூச்சு முட்டாது, அதை அவர்கிட்ட சொல்லுங்க. எந்தக் கட்டடம்மா? தண்ணித் தொட்டி எதிர்ல நீல கேட்டா? சரி. ரெண்டு லிஃப்ட்ல இடது பக்கம்தானே? அது நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல நிக்கும், எனக்குத் தெரியும். நீங்க அஞ்சாவது மாடிக் கதவுக்கிட்டப் போய் அவரோட பேசிட்டே இருங்க. யாராவது வீரன் மாதிரி கம்பியை எடுத்துட்டு வந்து கதவை நெம்பினா கையைத் தட்டிவிடுங்க. மருந்தை யாரையாச்சும் எடுத்துட்டு வந்து நிக்கச் சொல்லுங்க. எங்க ஆளு பத்து நிமிஷத்துல வருவான்."

ஒரு கையால் ரிசீவரை வைத்தாள், மறு கையால் செல்போனை எடுத்தாள். கண் சாவிப் பலகையில் ஓடியது. மூன்றாம் நம்பர் வில்லை, அதாவது தம்பி, பாங்க் கட்டடத்து ஆணியில்.

"டேய், கையில இருக்கிறதைக் கீழ போடு. நீல கேட்டு. ஆள் மாட்டியிருக்கு, ஆஸ்துமா. சாவிக்கு இங்க வராதே, இன்னொண்ணு வாட்ச்மேன் மேஜையில ரெண்டாவது டிராயர்ல இருக்கு. ஓடு."

"இதோ போறேன்க்கா" என்று தம்பி குரல் கேட்டது. அவ்வளவுதான்.

* * *

பதினொரு நிமிஷம் போயிற்று. அண்ணன் கையில் அந்தத் தாள் அப்படியே இருந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'ஒப்பந்த எண்'.

செல்போன் அடித்தது. "எடுத்தாச்சுக்கா" என்றான் தம்பி. "மருந்து இழுத்துட்டு உட்கார்ந்திருக்காரு. நல்லா இருக்காரு. அந்தம்மாதான் அழுதுட்டே இருக்காங்க."

அக்கா நாற்காலியில் சாய்ந்தாள்.

முதலில் பேசியது நோட்டு. பேனாவை மூடி வைத்துவிட்டுப் பேசினாள்.

"அக்கா, முதல் நாளே நான் கேட்டேன். போன் எடுத்ததும் முதல்ல என்ன கேப்பீங்கன்னு. 'பேரு, அட்ரஸ்'னு சொன்னீங்க. மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் அதையே சொன்னீங்க."

"ஆமா."

"மறந்துட்டீங்களா?"

அக்காவுக்குப் பொய் சொல்ல வழி இருந்தது. 'மறந்துட்டேன்' என்றால் முடிந்தது.

"மறக்கல. வேணும்னேதான் சொல்லல" என்றாள். "அதைச் சொல்லிட்டா அப்புறம் நான் எதுக்கு? உன் நோட்டு இருந்தா போதுமே! அந்த ஒரு கேள்வியாவது என்னோடதா இருக்கட்டும்னு வச்சுக்கிட்டேன்."

"உங்க கோவம் மாமா மேல. சரி. என் மேலயும் இருக்கட்டும். லிஃப்ட்டுக்குள்ள இருந்த மனுஷன் உங்களுக்கு என்ன பண்ணினார்?"

சுருக்கென்று தைத்தது. தன்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள் கேட்கிறாள். வெட்கமாக இருந்தது. ரொம்ப வெட்கமாக இருந்தது. அக்காவுக்கு வெட்கம் வந்தால் தலை குனியாது, அதுதான் அவள் பிறவிக் குணம். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தப்புதான். என் தப்புதான். நோட்டை எடு, எழுது. முதல் கேள்வி, உள்ள யாராவது இருக்காங்களா? ஆமான்னா மத்த எல்லாத்தையும் நிறுத்து. பேரு வேணாம், எண்ணு வேணாம். ரெண்டாவது, விளக்கு எரியுதா? மூணாவது, கடைசியா எந்த மாடி நம்பர் தெரிஞ்சது? நாலாவது கேள்வி இல்ல, எச்சரிக்கை. கதவை நெம்பாதே. எழுதிட்டியா? படி."

நோட்டு எழுதினாள், படித்தாள்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. அந்த வரியைச் சேர்த்துக்கோ. இப்ப கையெழுத்தைப் போடு, நேரமாகுது."

"படிச்சுட்டுப் போடுறேன்."

"காலையில படிக்கச் சொன்னப்ப மாட்டேன்னியாம்?"

"காலையில மாட்டேன்னேன். இப்ப மாட்டேன்னு சொல்லல."

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். நடுவில் நாலு போன் வந்தது, நாலையும் எடுத்து ஆள் அனுப்பிவிட்டு, விட்ட வரியிலிருந்து படித்தாள். பத்தரை ஆயிற்று. பதினொன்றே கால் ஆயிற்று. அண்ணன் எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார், குறைத்தார்.

பதினோராவது பக்கத்தில் அவள் விரல் நின்றது. "ஒப்பந்த எண் இல்லாமல் எந்தப் புகாரும் பதிவு செய்யப்படாது. இது யார் எழுதினது?"

"மாமா எழுதச் சொன்னது" என்றாள் நோட்டு. "வேணாம்னு சொன்னேன்."

"அந்த வரி இருக்கும்" என்றார் அண்ணன். "ஒப்பந்தமே இல்லாதவன் எல்லாம் போன் போட்டு நம்ம ஆளை வரவழைக்கிறான். நீதான் அனுப்புறே, எனக்குத் தெரியாதா? கம்ப்யூட்டர் அனுப்பாது. அதுக்குத்தான் கம்ப்யூட்டர்."

"உள்ள ஆள் இருந்தா?"

"ஆள் இருந்தா அவங்க எண்ணை வச்சிருக்கணும்."

"அண்ணா, இப்ப நீங்க அந்தம்மாவை எண்ணு பாக்க ஏழு மாடி இறங்கச் சொன்னீங்க. ரெண்டு மணி நேரம்கூட ஆகல. வாய் கூசலயா உங்களுக்கு?"

அண்ணன் முகம் சிவந்தது. அக்கா அவரைப் பார்க்கவில்லை. இருபத்தொன்பதாம் பக்கத்தைப் புரட்டியிருந்தாள். அங்கே ஒரு பத்தி முழுவதும் சிவப்பு மையால் குறுக்கே அடித்திருந்தது. அடித்த கோட்டுக்குள் எழுத்துகள் தெரிந்தன. 'மூன்று மாதம் பழைய முறையும் புதிய முறையும் பக்கத்துப் பக்கத்தில் ஓட வேண்டும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும்.'

"இதை எதுக்கு அடிச்சீங்க?"

"ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு காலா? ஓடினா புதுசு ஓடட்டும்."

"உங்க ஒரு சட்டைக்கு ரெண்டு தடவை அளவெடுக்க வைப்பீங்க மாமா" என்றாள் நோட்டு. "தைச்சு வந்ததும் போட்டுப் பார்த்துட்டுத்தான் பழசைத் தூக்கிப் போடுவீங்க. இதுல அளவெடுக்கவும் விடல, போட்டுப் பார்க்கவும் விடலன்னா எப்படி?"

"நீ யாரு பக்கம்?"

"நான் அந்தப் படத்துப் பக்கம் மாமா. அதுல இருக்கிறதுதான் உங்க கம்பெனி."

அக்கா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். மூன்று வாரமாக இவளையா உளவாளி என்று நினைத்தோம் என்று தோன்றிற்று. பெயரை மாற்றவேண்டியதில்லை, நோட்டு என்றே இருக்கட்டும்.

"பேனா குடுங்க அண்ணா" என்றாள்.

அண்ணன் முகம் தெளிந்தது. புதுப் பேனாவின் மூடியைக் கழற்றியே கொடுத்தார்.

கடைசிப் பக்கம். 'இப்போது இந்த வேலையைச் செய்பவர்'. பதினாலு வருஷத்தில் இந்தக் கம்பெனியின் எந்தத் தாளிலும் அவள் கையெழுத்தை யாரும் கேட்டதில்லை. வருகைப் பதிவேட்டில்கூட அவள் பெயர் கிடையாது. வீட்டுப் பெண்ணுக்கு எதற்கு வருகைப் பதிவேடு? கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பார்த்தாள். பிறகு கோட்டுக்கு மேலே இரண்டு வார்த்தை எழுதினாள்.

ஒப்புதல் இல்லை.

அதற்குக் கீழே முழுப் பெயர், தேதி, கையெழுத்து. கையெழுத்துக்கு அடியில் ஒரு கோடும் இழுத்தாள்.

அண்ணன் தாளை வாங்கிப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"என்ன இது?"

"கையெழுத்து. கேட்டீங்க, போட்டுட்டேன்."

"விளையாடுறியா? இதை வச்சுக்கிட்டு அவங்க ஒரு வரி எழுத மாட்டாங்க!"

"பதினோராம் பக்கத்து வரி போகணும். இருபத்தொன்பதாம் பக்கத்துல அடிச்சது திரும்ப வரணும். இவ ரெண்டு வாரம் என் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கணும். அப்புறம் வாங்க, அழகா இன்னொரு கையெழுத்துப் போட்டுத் தர்றேன். கம்ப்யூட்டர் வேணாம்னு நான் சொல்லல அண்ணா. நான் காய்ச்சல்ல படுத்தா ஊரே தவிக்கக்கூடாது, எனக்கும் அது தெரியும். ஆனா என்னைத் தூக்கிப் போடுறதுக்கு நானே கையெழுத்துப் போடணுமா? அந்த அளவுக்கு நான் நல்லவ இல்ல."

அண்ணன் தாள்களை அள்ளினார். கதவு வரை போனவர் திரும்பினார்.

"இப்போது இந்த வேலையைச் செய்பவர்னுதானே போட்டிருக்கு? செய்யுற ஆளை மாத்திடுறேன். திங்கட்கிழமையிலிருந்து இந்த நாற்காலியில உன் அண்ணி உட்காருவா. அவ கையெழுத்துப் போடுவா. நீ வீட்ல இரு."

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. சாவிப் பலகையில் அத்தனை சாவியும் கலகலத்தது.

"அக்கா..." என்றாள் நோட்டு.

"வரட்டும்" என்றாள் அக்கா. "வரட்டும், பாத்துக்கலாம்."

அண்ணி! இருபது வருஷமாக வீட்டில் போன் அடித்தால்கூட 'யாராவது எடுங்களேன்' என்று உள்ளிருந்து குரல் கொடுக்கிறவள். அண்ணன் சொன்னதற்கு அவள் மறு பேச்சு பேசி யாரும் கேட்டதில்லை. அவள் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டால், சற்று முன் அக்கா எழுதிய இரண்டு வார்த்தைக்கும் மதிப்பில்லை. அக்காவுக்கும் நோட்டுவுக்கும் அது நன்றாகத் தெரியும்.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, டெலிபோன் அடித்தது.

"லிஃப்ட் கம்பெனி. உள்ள யாராவது இருக்காங்களா?" என்றாள் அக்கா, பழக்கதோஷத்தில்.

மறுமுனையில் மெல்லிய குரல். "நான்தான் பேசுறேன், உன் அண்ணி."

அக்கா ஸ்பீக்கரைப் போடவில்லை. ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"உங்க அண்ணன் இப்பதான் சொன்னார். திங்கட்கிழமை நான் அங்க வந்து உட்காரணுமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க அண்ணி?"

"நான் என்னைக்கு என்ன சொல்லியிருக்கேன்?" என்றாள் அண்ணி. "எனக்குப் பயமா இருக்கு. யாராச்சும் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டு போன் பண்ணினா நான் என்னத்தைச் சொல்வேன்? ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா? நான் உனக்குப் போன் பண்ணினது அவருக்குத் தெரிய வேணாம்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். எதிரில் நோட்டு இருபத்தொன்பதாம் பக்கத்தின் பிரதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்துப் பக்கத்தில். மூன்று மாதம்.

"அண்ணி, நல்லா கேட்டுக்கோங்க" என்றாள். "திங்கட்கிழமை வாங்க. கண்டிப்பா வாங்க. ஆனா நீங்க வரும்போது இந்த நாற்காலி காலியா இருக்காது, நான் உட்கார்ந்திருப்பேன். உங்களுக்கு என் பக்கத்துல இன்னொரு நாற்காலி போட்டு வைக்கிறேன். ரெண்டு பேரும் சேர்ந்தே போன் எடுப்போம்."

ரிசீவரை வைத்தாள். நோட்டு அதற்குள் எழுந்து, பின்னறையிலிருந்த மர நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.